14 அடி அலுமினியப் படகு: பழசை வாங்கிச் சரிசெய்வதா, புதுசா?

ஏப்ரலில் கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளின் பனிக்கட்டி உருகத் தொடங்கியதும் கிராமத்துச் சாலையோர வீடுகளின் முன்னால் பழைய அலுமினியப் படகுகள் விற்பனைக்கு வந்து நிற்கும். சிம்கோ, ஸ்கூகாக், ரைஸ் ஏரிக் கரைகளில் நின்று தூண்டில் போட்டுப் பழகிய நம்மவர்கள் பலருக்கு அப்போது மனசு அலைபாயும். கோடை ஏற ஏற பெர்ச் மீன் கரையை விட்டு ஆழத்துக்கு நகர்ந்துவிடும். அதன் பின்னால் போகப் படகு வேண்டும்.

இரண்டாயிரம், மூவாயிரம் டாலருக்குப் பழைய படகு ஒன்றை வாங்கிச் சரிசெய்வதா, அல்லது எஞ்சின், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துப் புதிதாக எடுப்பதா? பழசுதான் என்றால் எந்த மாதிரிப் பழசு? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே தரை போடாத, கம்பளம் விரிக்காத, ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்த 14 அடிப் படகு, நல்ல ட்ரெய்லர் மேல் நின்றால் அதை வாங்குங்கள். படகின் உடம்பைவிட ட்ரெய்லருக்கும் எஞ்சினுக்கும் அதிக நேரம் கொடுத்துப் பாருங்கள். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

யாழ்ப்பாணத்திலோ நாகப்பட்டினத்திலோ ஃபைபர் படகைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஐம்பது வருஷப் படகு என்றாலே சந்தேகம் வரும். வட அமெரிக்க ஏரிகளில் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விமானத் தொழிற்சாலைகளில் அலுமினியத் தகடும் அதை ரிவெட் அடித்து இணைக்கத் தெரிந்த கைகளும் மிஞ்சின. போர் விமானம் செய்த க்ரம்மன் நிறுவனம் அதே தொழில்நுட்பத்தில் அலுமினியத்தில் கனோ என்ற துடுப்புப் படகு செய்யத் தொடங்கியது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1946இல் அலுமாக்ராஃப்ட், 1948இல் லுண்ட் என்ற படகு நிறுவனங்கள் வந்தன. கியூபெக்கின் பிரின்ஸ்வில் ஊரிலிருந்து பிரின்ஸ்க்ராஃப்ட் வந்தது. அந்தக் காலத்துப் படகுகள் பல இன்றும் மீன் பிடிக்கப் போகின்றன.

அலுமினியம் காற்றுப் பட்டதும் தன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். நன்னீரில் அந்தப் படலம் பல பத்தாண்டுகள் காக்கும். ஆகவே 1972 படகா, 1995 படகா என்பது அவ்வளவு முக்கியமில்லை. அது எங்கே, எப்படிக் கிடந்தது என்பதுதான் முக்கியம். தண்ணீர் வடியத் திறந்து, முன்பக்கத்தை உயர்த்தி, அல்லது கவிழ்த்து வைத்த படகு பிழைக்கும். இலைதழையும் மழைநீரும் தேங்கிக் கிடந்த படகு உள்ளிருந்து அரிக்கும். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்தால் தகட்டு இணைப்புகளையே நெம்பிவிடும்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

புதுப் படகின் நன்மை வெளிப்படையானது: உத்தரவாதம், அமைதியான நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், கடன் வசதி, வாங்கிய வாரமே ஏரியில் இறக்கலாம். வருஷத்தில் நாலைந்து தடவைக்கு மேல் போகமாட்டேன் என்பவருக்கு அந்தக் காசு வீண். அடிக்கடி போவேன், வேலை செய்யக் கையும் இடமும் இல்லை என்பவர் தயங்காமல் புதிதே எடுக்கலாம்.

பழைய ஃபைபர் படகு பெரும்பாலும் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதன் மரச் சட்டங்களும் எஞ்சின் மாட்டும் பின்பலகையும் ஃபைபருக்குள் புதைந்திருக்கும். அழுகியிருந்தால் வெட்டித்தான் பார்க்க வேண்டும், தேய்க்கும் தூசி வீட்டுக் கராஜையே நிறைக்கும். எடையும் பல மடங்கு. 14 அடி வெற்று அலுமினிய உடம்பு 100 கிலோவுக்குச் சற்று முன்பின் இருக்கும், இரண்டு பேர் கவிழ்த்து வைத்துவிடலாம், சின்னக் கார்கூட இழுக்கும். வீட்டில் சரிசெய்ய நினைப்பவர் ஃபைபர் பக்கம் போகவே வேண்டாம்.

இனி அலுமினியத்துக்குள்ளேயே ஒப்பீடு. ரிவெட் அடித்ததா, வெல்டிங் செய்ததா? வெல்டிங் படகு விறைப்பானது, ஒழுக ரிவெட் இல்லை, பாறையில் இடித்தாலும் தாங்கும். ஆனால் படகுத் தகட்டுக்கு உரம் ஏற்றியிருப்பதே ஆலையில் உருட்டி அழுத்தும்போதுதான். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த உரம் குறைந்துவிடும். அதனால் மெல்லிய தகட்டில் விரிசல் வந்தால் அந்த ஓரத்தில்தான் வரும். அதை அடைக்க அலுமினிய வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். ரிவெட் படகு அலையில் கொஞ்சம் நெளியும், காலப்போக்கில் ரிவெட் தளரும், சொட்டும். ஆனால் அந்தச் சொட்டை நீங்களே, ஒவ்வொரு ரிவெட்டாக, சுத்தியலும் ஒரு துணை ஆளும் இருந்தால் நிறுத்தலாம். வாங்கிச் சரிசெய்யப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. உள்ளே வெறும் பெஞ்சுகள் மட்டும் உள்ள படகில் கிட்டத்தட்ட ஒவ்வொரு ரிவெட்டும், ஒவ்வொரு சட்டமும் கண்ணுக்குத் தெரியும். தரை போட்டு, கம்பளம் ஒட்டி, நாற்காலி மாட்டிய படகு படத்தில் அழகாக இருக்கும், விலையும் கூடும். அந்தத் தரைக்குக் கீழே இருப்பது, படகை மிதக்கவைக்கப் போடும் ஃபோம். பல வருஷம் நனைந்த ஃபோம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. நாலு கன அடி ஃபோம் முக்கால்வாசி ஊறினாலே 80 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, ஒரு ஆளை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். எடையாவது போகட்டும், அந்த ஈரம் தகட்டோடு ஒட்டிக் கிடந்து குழிகுழியாக அரிக்கும். தரையைப் பெயர்க்காமல் அதைப் பார்க்கவும் முடியாது. இதனால்தான் மேலுக்கு அசிங்கமான, சொட்டைகள் விழுந்த, ஆனால் எல்லாம் வெளியே தெரிகிற படகை நான் சிபாரிசு செய்கிறேன்.

சிம்கோவில் மட்டும்தான் மீன் பிடிப்பேன் என்றால் மட்டும் இதில் மாற்றம் சொல்வேன். அது 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த திறந்த நீர்ப்பரப்பு, காற்று எழுந்தால் அலை விரைவில் பெரிதாகிவிடும். அங்கே 16 அடி, பக்கச் சுவர் உயரமான படகு தேவை. ரைஸ் ஏரிக்கும் கவார்த்தா ஏரிகளுக்கும் 14 அடி தாராளம். தட்டையடி ஜான் படகு குளத்துக்கும் ஆற்றுக்கும் சரி, அலையில் முதுகை உடைக்கும்.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை

உடம்பில் முதலில் ஏராவை, அதாவது படகின் அடிமுதுகைப் பாருங்கள். படகைக் கரையில் இழுத்து இழுத்து ஏற்றியவர்கள் அந்த அடிமுதுகின் முன்பகுதியைத் தேய்த்திருப்பார்கள், அங்கே ரிவெட் தலைகள் மழுங்கியிருக்கும். அடுத்து பெஞ்சு முனைகள் பக்கச் சுவரைத் தொடும் இடங்களும் பின் மூலைகளும். விரிசல் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். அரிப்பால் வரும் வெள்ளைப் பொடியைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் குழி இருக்கிறதா என்று தெரியும். யாராவது கறுப்புத் தாரோ சிலிக்கானோ அள்ளி அப்பியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அதைச் சுரண்டி எடுப்பதே இரண்டு நாள் வேலை.

பின்பலகை என்பது எஞ்சினைக் கவ்வியிருக்கும் பலகை. வெளியே அலுமினியம், உள்ளே ப்ளைவுட். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்று பேசும், அழுகியது மொத்தென்று கேட்கும். எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பின்பலகை கூடவே அசைந்தால் அழுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இது படகை மறுக்கக் காரணமில்லை, விலை பேசக் காரணம்.

ட்ரெய்லர்தான் பலர் கவனிக்காமல் விடும் இடம். ஒன்டாரியோ சாலைகளில் குளிர்காலத்தில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். வில்பட்டைகள் (ஸ்ப்ரிங்) இதழ் இதழாகப் பிரிந்திருக்கிறதா, சட்டம் உள்ளிருந்து துருவேறியிருக்கிறதா, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பேரிங் கரகரக்கிறதா என்று பாருங்கள். படகு ஒழுகினால் கரைக்குத் திரும்பிவிடலாம். நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றால் அடுத்தவர் உயிரும் போகும். ட்ரெய்லர் மோசமென்றால் புது ட்ரெய்லரின் விலையைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பேசுங்கள். பல சமயம் அது படகின் விலையைத் தாண்டும்.

எஞ்சினில் மூன்று சோதனை. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) அளவியை மாட்டி இரண்டு சிலிண்டரையும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. கீழ் கியர் எண்ணெயைக் கொஞ்சம் விட்டுப் பார்க்க வேண்டும், பால் போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓட வைத்தால் பின்னால் தண்ணீர்ப் பீச்சல் வர வேண்டும், வராவிட்டால் பெரும்பாலும் பம்பு பழுது. விற்பவர் "போன வருஷம் நன்றாக ஓடியது" என்று மட்டும் சொல்லி ஓட்டிக் காட்ட மறுத்தால், அந்த எஞ்சினுக்கு விலை பூஜ்யம் என்று வைத்துப் படகைப் பேசுங்கள்.

ஒழுகலை நிறுத்தும் வழிகள்

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, படகை ட்ரெய்லரிலேயே வைத்து உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே சொட்டும் ரிவெட்டுகளை மார்க்கரால் குறிப்பது. ஆனால் நிறைய விடாதீர்கள். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உயரம் நின்றாலே 300 கிலோ. ட்ரெய்லர் தாங்காது, உடம்பும் வளையும். ஐந்து சென்டிமீட்டர் போதும், அப்புறம் முன்னும் பின்னும் சாய்த்து ஒவ்வொரு பகுதியாகப் பார்க்கலாம்.

குறித்த பிறகு எனக்குப் பிடித்த வரிசை இது. தளர்ந்த ரிவெட்டை முதலில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒருவர் வெளியே ரிவெட் தலையில் கனமான இரும்புக் கட்டியைச் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே வால் முனையைச் சுத்தியலால் தட்ட வேண்டும். பாதிக்கு மேல் இதிலேயே நின்றுவிடும், செலவும் இல்லை. தலை தேய்ந்துபோன ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் புது ரிவெட் அடிக்க வேண்டும். உள்ளே கை போகும் இடமென்றால் கெட்டி ரிவெட். பெஞ்சுக்கு அடியில், கை எட்டாத இடத்தில் மட்டும், முனை மூடிய பாப் ரிவெட்டை 3எம் 5200 போன்ற கடல்படகு சீலன்ட்டில் தோய்த்துப் போடலாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாப் ரிவெட்டின் நடுவே ஓட்டை உண்டு, அது தண்ணீருக்கு வழி.

இதெல்லாம் செய்த பிறகும் கசிவு இருந்தால் க்ளூவிட் போன்ற நெளியும் எபாக்சியை உட்புறம் இணைப்புகள் மேலும் ரிவெட் வால்கள் மேலும் பூசலாம். சிலர் முதல் வேலையாக இதைப் பூசிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்லமாட்டேன். ரிவெட் தளர்வாகவே இருந்தால் தகடு அசையும், அசைந்தால் எபாக்சி ஒருநாள் விட்டுவிடும், அதன் பிறகு பிசுபிசுத்த படலத்துக்கு அடியில் ரிவெட்டைத் தட்டவும் முடியாது. பூசும் முன் தகட்டை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், சாதா இரும்பு ப்ரஷ் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ப்ரஷ் நல்லது.

வெல்டிங் கடைசி வழி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். படலம் போகாத பழைய தகட்டில் ஒட்டு பிடிக்காது. சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் மெல்லிய தகடு பொத்துக்கொண்டு போகும். பக்கத்து ரிவெட்டுகளும் சூட்டில் தளரும். விரிசல் இருந்தால் நல்ல ஆளிடம் கொடுங்கள், ரிவெட் ஒழுகலுக்காகக் கொடுக்காதீர்கள். கேஸ் டார்ச்சில் உருக்கி ஒட்டும் கம்பிகள் விளம்பரத்தில் அற்புதமாகத் தெரியும். மேசைமேல் சுத்தமான தகட்டில் அது சாத்தியம். படகின் அடித்தகடு சூட்டை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் தேவையான சூடு ஏறுவதே பெரும்பாடு.

பின்பலகை, தரை, ஃபோம்

பின்பலகைக்கு மூன்று தெரிவுகள்: மரைன் ப்ளைவுட், வெளிப்புற உபயோகத்துக்கான சாதா ப்ளைவுட், அழுகாத காம்போசிட் பலகை. காம்போசிட் நிரந்தரம், விலை குத்தும். மரைனுக்கும் வெளிப்புற ப்ளைவுட்டுக்கும் பசை இரண்டிலும் நீர் தாங்கும் வகைதான். மரைனில் உள்ளடுக்குகளில் பொந்து இருக்காது, அதுதான் வித்தியாசம். முக்கால் அங்குலப் பலகை இரண்டை ஒட்டி, ஓரமெல்லாம் எபாக்சி குடிக்கவிட்டால் வெளிப்புற ப்ளைவுட்டே பல வருஷம் தாங்கும், 14 அடிப் படகுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அழுகல் ஆரம்பிப்பது போல்ட் துளைகளில். துளையைப் பெரிதாக இட்டு, எபாக்சியால் நிரப்பி, காய்ந்ததும் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிட்டால் தண்ணீர் மரத்தைத் தொடாது. இந்த ஒரு வேலையைச் சோம்பலில்லாமல் செய்தால் எந்த ப்ளைவுட் என்பது இரண்டாம்பட்சம்.

எக்காரணம் கொண்டும் ப்ரெஷர் ட்ரீட்டட் மரம் மட்டும் வேண்டாம். அதில் ஏற்றியிருக்கும் செப்பு, ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை மின்கலத் தகடு போலக் கரைத்துவிடும். செப்புக் காசு, ஈயக் குண்டு எதுவும் அடித்தளத்து ஈரத்தில் கிடக்க விடாதீர்கள். படகின் அடிப்பக்கத்தில் பூசும் செப்பு கலந்த பெயின்ட்டும் கூடாது.

தரை போடலாமா? நடக்க வசதிக்காகப் பெஞ்சுகளுக்கு நடுவே கழற்றி எடுக்கும் பலகை வைத்தால் போதும். நடுப் பெஞ்சை வெட்டி எடுத்துவிட்டு உயரமான மேடை கட்டும் வீடியோக்களைப் பார்த்துக் கிளம்புகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். அந்தப் பெஞ்சுதான் இரண்டு பக்கச் சுவரையும் விரியாமல் பிடித்திருக்கிறது. படகில் தண்ணீர் நிறைந்தாலும் அதை மிதக்கவைக்கும் ஃபோமும் அதற்குள்தான். மேடைமேல் நின்றால் எடை மேலே ஏறி, 14 அடிப் படகு லேசான அசைவுக்கே சாயும். குழந்தைகளை ஏற்றிப் போகும் படகு அது.

பெஞ்சுக்குள் இருக்கும் ஃபோம் ஊறியிருந்தால் எடுத்துவிட்டுப் புதிது போட்டே ஆக வேண்டும், வெறுமையாக விடக்கூடாது. ஊற்றிப் பொங்கவைக்கும் பாலியூரித்தேன் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும், ஆனால் தண்ணீர் வடியும் வழியையும் அடைத்துவிடும். வீட்டுச் சுவருக்குப் போடும் இளஞ்சிவப்பு, நீலப் பாலிஸ்டைரீன் அட்டைகளை வெட்டி அடுக்குவது மலிவு, அடியில் வழியும் விடலாம். ஒன்று மட்டும், பெட்ரோல் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்துபோகும். எரிபொருள் டேங்க் வைக்கும் பின்பெஞ்சுக்கு யூரித்தேன், மற்றவற்றுக்கு அட்டை என்று பிரித்துக்கொள்ளலாம். பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலுமினியத்துக்கு அது அழகுக்குத்தான், நேரமிருந்தால் அடியுங்கள்.

எஞ்சின்

பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எடை குறைவு, கார்புரேட்டரை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாம், பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும், புகையும் சத்தமும் அதிகம். எவின்ரூட் எஞ்சின் தயாரிப்பு 2020இல் நின்றுபோனது, ஆனாலும் பழைய மாடல்களுக்கான சாதாரண உதிரிகள் இன்னும் புழக்கத்தில் உண்டு. பயன்படுத்திய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நல்லதாகக் கிடைத்தால் எடுங்கள். எடையைப் பின்பலகை தாங்க வேண்டும், அதனால் பின்பலகை வேலை முதலில். எஞ்சின் தண்டின் நீளத்தையும் அளந்து பாருங்கள். 15 அங்குல உயரப் பின்பலகையில் 20 அங்குலத் தண்டுள்ள எஞ்சினை மாட்டினால் இழுவைதான் மிச்சம். படகில் பொறித்திருக்கும் குதிரைத்திறன் உச்சத்தைத் தாண்டக்கூடாது.

14 அடிக்கு 9.9 குதிரைத்திறன் எனக்குப் போதுமான தெரிவாகப் படுகிறது. கனடாவில் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் இருந்தால்தான் இந்த அளவுப் படகுக்கு லைசென்ஸ் எண் கட்டாயம், 9.9 இன்னும் பரவலாக இருக்க அதுவும் ஒரு காரணம். ஓட்டுபவருக்கான அட்டை மட்டும் சின்ன மின்மோட்டாருக்கும் வேண்டும்.

காகிதம்

விற்பவரிடம் கையெழுத்திட்ட ரசீது, ட்ரெய்லரின் உரிமைப் பத்திரம் இரண்டும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். படகின் பின்பக்கத்தில் பொறித்த தொடர் எண்ணும் ரசீதில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சுரண்டி அழித்திருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, துடுப்பு, தண்ணீர் இறைக்கும் பாத்திரம், விசில் இவற்றின் செலவையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 முதல் ஒன்டாரியோவில் ஏரியிலிருந்து படகை ஏற்றிச் சாலைக்குப் போகும் முன் வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டிய பாசியை எடுக்க வேண்டும் என்பது சட்டம். பழைய படகில் அந்த அடைப்பின் பித்தளைக் குழாய் பெரும்பாலும் தேய்ந்திருக்கும், ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். முதல் தடவை இறக்கும் முன் அதை மாற்றிவிட்டு, இன்னொரு அடைப்பைக் கையிருப்பாக எடுத்துப் போங்கள்.